நின்றுபோன இலக்குகளும் நிற்காத பிரியாணியும்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 36, தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. எட்டு கிலோ குறைக்க வேண்டும், தயங்காமல் ஆங்கிலம் பேச வேண்டும், மாதம் ஐயாயிரமாவது மிச்சம் பிடிக்க வேண்டும். ‘தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறு, உனக்கு நீயே பரிசு கொடுத்துக்கொள்’ என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு ஜனவரியில் ஆரம்பித்தீர்கள். வாரம் முழுக்க ஒழுங்காக இருந்தால் சனிக்கிழமை பிரியாணி என்று ஏற்பாடு. பிப்ரவரி பாதியில் நடையும் ஆங்கிலமும் சேமிப்பும் நின்றுவிட்டன. பிரியாணி மட்டும் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. இந்த முறையே ஏமாற்று வேலையா, இல்லை என்னிடம்தான் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முறையும் சரி, நீங்களும் சரி. பரிசை வைத்த இடம்தான் தப்பு. மூன்றையும் ஒரே நாளில் தொடங்கியது இன்னொரு தப்பு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மனநல நிபுணர் இல்லை. ஒரு சின்ன ஊரில் 22 வருடமாக டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேன். விசை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் வருபவர், நிமிடத்துக்கு 30 வார்த்தை அடித்து லோயர் பாஸாகி, அப்புறம் 45 அடித்து ஹையர் முடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பது எப்படி நடக்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே பார்த்ததுதான். மிச்சம் படித்தது.

முதல் நாள் வருபவருக்கு நாங்கள் கொடுப்பது ஒரே ஒரு வரி. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. டைப்பிங் கிளாஸ் வாசலை மிதித்த யாரும் இதை மறக்கமாட்டார்கள். தாள் முழுக்க இதே வரி, மறுநாளும் இதே வரி. போனில் கட்டைவிரலால் பட்டாசு மாதிரி தட்டிப் பழகியவர்கள் மூன்றாம் நாளே முகம் சுளிக்க ஆரம்பிப்பார்கள்.

அந்த முதல் நாள் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எஃப்பும் ஜேயும் நல்ல கறுப்பாக, அழுத்தமாக விழுந்திருக்கும். ஏ மட்டும் ரிப்பனில் மை தீர்ந்ததுபோல வெளிறிக் கிடக்கும். ரிப்பனில் குறை ஒன்றும் இல்லை. ஏ-வைத் தட்டுவது இடது கைச் சுண்டுவிரல். பழைய மெஷினில் விரல் எவ்வளவு பலம் கொடுக்கிறதோ அவ்வளவு கறுப்பாகத்தான் எழுத்து விழும். சுண்டுவிரலுக்கு வாழ்நாளில் அப்படி ஒரு வேலை வந்ததே இல்லை, பாவம். பத்து நாளில் ஏ கொஞ்சம் கறுக்கும். மூன்று நாலு வாரத்தில் எது சுண்டுவிரல், எது ஆள்காட்டி விரல் என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நான் வேகத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன். அவர்களுடைய முதல் தாளில் தேதி போட்டு என் மேஜை டிராயரில் வைத்துக்கொள்வேன். ஒரு மாதம் கழித்து, ‘இதெல்லாம் எனக்கு வராது சார்’ என்று சொல்லும் நாள் ஒன்று வரும். நிச்சயமாக வரும். அன்றைக்கு அந்தத் தாளை எடுத்து அன்று அடித்த தாளுக்குப் பக்கத்தில் வைத்து, ‘ஏ-வைப் பாருங்க’ என்பேன். வேறு எதுவும் சொல்லத் தேவை இருக்காது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோம். அதைச் சொன்னவர் கல்லைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். எறும்பைக் கேட்டிருந்தால், ‘நேத்து இருந்த மாதிரியேதான் இருக்கு’ என்று சொல்லியிருக்கும். சின்னச் சின்ன முன்னேற்றத்தில் இருக்கும் சிக்கலே இதுதான். அது நடந்துகொண்டிருக்கும், நடத்துகிறவருக்குத் தெரியாது.

இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் டைப்பிங்கை வைத்தே. பிரிட்டனில் தபால்காரர்களுக்கு விசைப்பலகை கற்றுக்கொடுக்க வேண்டிய தேவை வந்தது. எத்தனை மணி நேரம் உட்காரவைத்தால் நல்லது என்று தெரியவேண்டும். ஆலன் பேட்லி, லாங்மன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் அவர்களை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரே ஒரு மணி நேரம். இன்னொன்றுக்கு ஒரு மணி நேரமாக இரண்டு வேளை. மூன்றாவதற்கு இரண்டு மணி நேரம் ஒரே வேளை. நாலாவதற்கு இரண்டு மணி நேரமாக இரண்டு வேளை, அதாவது நாலு மணி. 1978-ல் முடிவை வெளியிட்டார்கள். தினம் நாலு மணி உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய 80 மணி நேரத்தில் கற்றதை, தினம் ஒரு மணி உட்கார்ந்தவர்கள் சுமார் 55 மணி நேரத்திலேயே கற்றுவிட்டார்கள்.

இதுவரை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். அந்த ஆய்வில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது இதற்கு அடுத்த விஷயம். பயிற்சி முறை பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது, அதிகமாக அலுத்துக்கொண்டவர்கள் அந்த ஒரு மணி நேரக் குழுதான்! மணிக் கணக்கில் எல்லோரையும்விடச் சிக்கனமாகக் கற்றவர்கள் அவர்கள். ஆனால் நாள் கணக்கில் பாருங்கள். 80 மணியை நாலால் வகுத்தால் 20 நாள், இவர்களுக்கோ 55 நாள். பக்கத்துக் குழு ஓடிக்கொண்டிருக்கிறது, நாம் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்ற நினைப்பு அவர்களுக்கு.

என் இன்ஸ்டிட்யூட்டிலும் அதே கதைதான். பரீட்சைக்குப் பணம் கட்டும் சமயம் யாராவது வந்து நிற்பார்கள். ‘சார், தினம் நாலு மணி நேரம் உக்கார்றேன், ஒரே மாசத்துல லோயர் முடிச்சிடலாமா?’ முதல் வாரம் அவர்கள் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! தினம் ஒரு மணி பேட்ச்சில் வருகிறவர் முகத்தில் அது இருக்காது. அப்புறம் பத்தாம் நாள் மணிக்கட்டு வலிக்கும், பதினைந்தாம் நாள் ஆள் வராது.

ஆக, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது பலன் தரும். ஆனால் செய்யும்போது பலன் தருவதாகத் தோன்றாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை நிரப்பத்தான் பரிசு. அதைக் கூலியாக நினைத்தால் கணக்குத் தப்பிவிடும்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் வருடக் கடைசியில் 37 மடங்கு ஆகிவிடுவோம் என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 1.01-ஐ 365 தடவை பெருக்கினால் 37.78 வரும், பெருக்கல் சரிதான். ஆனால் மனிதன் வட்டிக்கு விட்ட பணம் இல்லை. அந்தக் கணக்குப்படி, நிமிடத்துக்கு 10 வார்த்தை அடிக்கும் என் மாணவர் ஒரு வருடத்தில் 378 வார்த்தை அடிக்க வேண்டும். 1923-ல் ஆல்பர்ட் டங்கோரா என்ற அமெரிக்கர் ஒரு மணி நேரம் விடாமல் நிமிடத்துக்கு 147 வார்த்தை வேகத்தில் அடித்ததையே உலக சாதனையாகக் கொண்டாடினார்கள். இந்த 37 மடங்கை நம்பி ஆரம்பிப்பவர் இரண்டாம் மாதமே தன்னைத் தோற்றவராக நினைத்துக்கொள்கிறார்.

உண்மையில் முன்னேற்றம் எப்படி இருக்கும்? முதலில் சரசரவென்று ஏறும். அப்புறம் படுத்துவிடும். 1897-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையனும் ஹார்ட்டரும் தந்தி கற்பவர்களின் வேகத்தை வாரவாரம் குறித்துப் படம் போட்டார்கள். தந்தியை வாங்கும் வேகம் ஒரு கட்டத்தில் வாரக்கணக்கில் நகராமல் நின்றது, அப்புறம் திடீரென்று ஏறியது. எழுத்து எழுத்தாகக் கேட்டவர் வார்த்தை வார்த்தையாகக் கேட்கப் பழகும் காலம் அது என்று விளக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு சமதளம் வருமா என்று சந்தேகப்பட்டார்கள். டைப்பிங்கில் என் கண்ணால் நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் என் ஓட்டு பிரையன், ஹார்ட்டருக்கு.

இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு காலைப் பத்து மணி பேட்ச்சுக்கு வந்த ஒரு அம்மா. குரூப் 4-ல் தட்டச்சர் வேலைக்குத் தட்டச்சுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு முதல் படி லோயர். 26 வார்த்தையில் நின்றுவிட்டார். ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம் ஆகியும் அதே 26. வேகம் ஏறவில்லை என்று தினமும் இன்னும் அவசரமாக அடிப்பார். தப்பு கூடும். தப்பைப் பார்த்துப் பதறுவார், வேகம் குறையும். ‘இனிமே ரெண்டு வாரத்துக்கு நீங்க வேகத்தைப் பார்க்க வேண்டாம், நானும் பார்க்க மாட்டேன். ஒரு பக்கத்துல எத்தனை தப்புன்னு மட்டும் மேல பென்சில்ல எழுதுங்க’ என்றேன். 14, 15, 11, 12, 9 என்று இறங்கியது. ஏறாத எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தவருக்கு, நகரும் எண் ஒன்று கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து வேகம் பார்த்தபோது 29. அதற்கு அடுத்த பரீட்சையில் பாஸ்.

உங்கள் எடை மெஷினும் இப்படித்தான். முதல் இரண்டு வாரம் இறங்கியிருக்கும், அதில் தண்ணீர்தான் அதிகம். அப்புறம் நின்றிருக்கும். நீங்கள் நடையை விட்டது அநேகமாக அந்த வாரத்தில்தான் என்று நினைக்கிறேன். சரியா?

இப்போது பரிசுக்கு வருகிறேன். டைப்ரைட்டரில் ஒரு குட்டி மணி இருக்கிறது. வரி அடித்துக்கொண்டே போய் வலது ஓரத்தை நெருங்கும்போது ‘டிங்’ என்று அடிக்கும். இடம் முடியப்போகிறது, கேரேஜைத் தள்ளு என்ற எச்சரிக்கைதான் அது. ஆனால் புதிதாகக் கற்பவர்கள் காதில் அது எச்சரிக்கையாக விழுவதில்லை. ஒரு வரி முடிந்தது என்று யாரோ கைதட்டியது மாதிரி விழுகிறது. ‘டிங்’ கேட்டதும் முதுகு நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன். காசு செலவில்லை. வேலை முடிந்த அந்த நொடியே வருகிறது. நன்றாக அடித்தாயா என்று கேட்பதில்லை, வரி முடிந்தால் சரி. நல்ல பரிசுக்கு வேண்டியதெல்லாம் அந்த மணியில் இருக்கிறது.

கெட்ட பரிசு எப்படி இருக்கும் என்பதற்கு நானே உதாரணம். ஒரு கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள் நிறையச் சேர்ந்திருந்தார்கள். வாரக் கடைசியில் தப்பே இல்லாமல் ஒரு பக்கம் அடிப்பவர்களுக்கு ஐம்பது ரூபாய் என்று அறிவித்தேன். முதல் வாரம் அமர்க்களம். இரண்டாம் வாரம் கவனித்தால், பிள்ளைகள் குனிந்து விசையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். தப்பு வராமல் இருக்க அதுதானே சுலபமான வழி! விசையைப் பார்க்காமல் அடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் மொத்த வேலையும். அதையே காசு கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறேன். பணத்தை நிறுத்தினேன். ஒரு பையன், ‘அப்போ இனிமே எதுக்கு சார் தப்பில்லாம அடிக்கணும்?’ என்று கேட்டான். பதில் இல்லை என்னிடம்.

இதுவும் புதிதல்ல. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் நர்சரிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரையப் பிடித்த பிள்ளைகள் எல்லோரும். சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து விளையாட்டு நேரத்தில் யார் தானாகப் போய் வரைகிறார்கள் என்று பார்த்தால், முன்கூட்டியே பேரம் பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைப்போல ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களின் ஆர்வம் குறையவில்லை. இதிலிருந்து பரிசே கூடாது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே பிடித்த வேலைக்குப் பேரம் பேசக் கூடாது, அவ்வளவுதான். பிடிக்காத வேலைக்குக் கொஞ்சம் பேசலாம்.

உங்கள் பிரியாணியை இந்த மணிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை நடந்ததற்குச் சனிக்கிழமை பலன். ஐந்து நாள் தாமதமாக அடிக்கும் மணி எந்தக் காதிலும் விழாது. ஒரு நாள் தவறினாலும் பரிசு இல்லை என்று நிபந்தனை வேறு. புதன்கிழமை மழை பெய்து நடை போனால், வியாழனும் வெள்ளியும் எதற்கு நடக்க வேண்டும்? தவிர, எடை குறைத்ததற்குப் பரிசு பிரியாணி என்பது, சேமித்ததற்குப் பரிசாக கிரெடிட் கார்டு தேய்ப்பது போல. கடைசியாக, பரிசு கொடுப்பவரும் நீங்கள், வாங்குபவரும் நீங்கள், தணிக்கை செய்பவரும் நீங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இந்த ஏற்பாட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலை முடிந்த பிறகு பரிசு என்பதைவிட, வேலைக்குள்ளேயே பரிசை வைப்பது சுலபம். கேத்ரின் மில்க்மனும் கூட்டாளிகளும் 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கீழே வைக்க மனம் வராத கதைகளை ஒலி வடிவில் ஒரு கருவியில் ஏற்றி, அதை ஜிம்மிலேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள். அடுத்து என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் ஜிம்முக்கு வந்தாக வேண்டும். ஆரம்பத்தில் இந்தக் குழு, இப்படி எந்த ஏற்பாடும் இல்லாத குழுவைவிட 51 சதவீதம் அதிகமாக ஜிம்முக்கு வந்தது. ஆனால் நவம்பரில் அவர்களுடைய நன்றி அறிவிப்புப் பண்டிகை விடுமுறை வந்ததும் அந்த வித்தியாசம் சரிந்துவிட்டது. இரண்டு பாதியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஏற்பாடும் ஒரு நீண்ட விடுமுறைக்குத் தாங்காது, திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு தீபாவளி. தீபாவளிக்கு ஊருக்குப் போன மாணவர்களில் சிலர் பொங்கலுக்கு அப்புறமும் வருவதில்லை.

அவர்கள் வராததற்குக் காரணம் விரல் மறந்துபோனது இல்லை. விட்டுவிட்டோமே என்ற கூச்சம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வை யாராவது உங்களிடம் ‘66 நாளில் பழக்கம் வந்துவிடும்’ என்று சொல்லியிருப்பார்கள். அது நடுவாக வந்த எண். 12 வாரத்தில் குறித்ததை வைத்து மேற்கொண்டு கணித்தபோது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகும், உடற்பயிற்சி இழுக்கும். யாரும் மேற்கோள் காட்டாத முடிவு ஒன்றும் அதில் உண்டு: நடுவே ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. அதனால் நீண்ட இடைவெளிக்குப் பின் தயங்கித் தயங்கி வருபவரிடம் நான் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. ‘இன்னைக்கு ஒரு வரி மட்டும் அடிச்சிட்டுப் போங்க’ என்பேன். ஏ எஸ் டி எஃப். எழுந்து போனவர் யாரும் இல்லை, பக்கத்தை முடித்துவிட்டுத்தான் போவார்கள்.

சரி, உங்கள் மூன்று இலக்குகள்.

சேமிப்பை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதற்குப் பழக்கமும் வேண்டாம், பரிசும் வேண்டாம். சம்பளம் வந்த மறுநாள் கணக்கிலிருந்து தானாகக் கழிவதுபோல வங்கியில் ஒரு ஆர்டி போட்டுவிடுங்கள். ஐயாயிரம் பிடித்தம் தாங்காது என்றால் இரண்டாயிரத்தில் ஆரம்பித்து, சம்பளம் உயரும்போது உயர்த்துங்கள். ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனம் ஒன்றில் 1998-ல் இதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு சம்பள உயர்விலும் சேமிப்பு தானாகக் கூடும் என்று ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சேமிப்பு, 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. தினமும் மனதோடு மல்லுக்கு நிற்கவே இல்லை அவர்கள்.

நடைக்கு, எடை மெஷினைப் பரணில் போடுங்கள். காலெண்டரில் நடந்த நாளைச் சுழித்தால் போதும். ஐந்து நிமிடம் நடந்தாலும் சுழிக்கலாம். தெருமுனைவரை போய் வந்தாலும் ‘டிங்’ அடிக்க வேண்டும். பிடித்த பாட்டோ, தொடராக வரும் கதையோ, நடக்கும்போது மட்டும்தான் என்று ஒதுக்கி வையுங்கள். மாதம் ஒரு தடவை, ஒரே தேதியில் எடை பாருங்கள். ஆனால் இதை அடுத்த மாதம் ஆரம்பியுங்கள்.

இந்த மாதம் ஆங்கிலம் மட்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் ஏதாவது ஒரு ஆங்கிலப் பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். செய்தித்தாள் போதும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை உங்கள் வார்த்தையில் இரண்டு நிமிடம் சொல்லுங்கள். இலக்கணம் உடைந்தால் உடையட்டும். எத்தனை இடத்தில் வார்த்தை கிடைக்காமல் ‘அது வந்து’ என்று நின்றீர்கள் என்று மட்டும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பென்சிலில் அந்த அம்மா எழுதிய எண் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை போனில் பதிவு செய்யுங்கள்.

பிரியாணியை நிறுத்த வேண்டாம். அதைப் பரிசு என்று சொல்வதை மட்டும் நிறுத்துங்கள். ஆங்கிலம் பேசினாலும் பேசாவிட்டாலும் சனிக்கிழமை பிரியாணி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தட்டோடு.

முதல் பதிவை இன்று இரவே எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் போதும். எடுத்ததும் போட்டுக் கேட்காதீர்கள், கேட்டால் அழித்துவிடுவீர்கள். தேதியைப் பெயராகப் போட்டு அப்படியே வைத்துவிடுங்கள். ஐந்து வாரம் கழித்து ‘இதெல்லாம் எனக்கு வராது’ என்று ஒரு நாள் தோன்றும் பாருங்கள், அன்றைக்கு எடுத்துக் கேளுங்கள்.